இருபது நிமிடப் பொறுமை
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையை முன்னர்ப் பேசியோர் நன்கு எடுத்துரைத்தனர். நாம் அக்கல்வி உயிர் காக்கும் ஓர் இடத்தைச் சொல்ல விழைகின்றோம். இருளில் நீர் பாய்ச்சுவோரும், வரப்பில் வெறுங்காலுடன் நடப்போரும் நம் மக்களே. ஆதலின் பாம்புக்கடி நமக்கு ஏட்டுச் செய்தி அன்று, வீட்டுச் செய்தி.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு, குருதியை உறையச் செய்யும் பொருள்களைத் தீர்த்துவிடுகிறது. பின்னர் ஈறிலும் சிறுநீரிலும் குருதி கசியும். உட்கசிவு உயிரையே பறிக்கும். இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நைஜீரியாவில் விரியன் கடித்தோரை ஆராய்ந்த வாரல் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1977-ஆம் ஆண்டில் இதனை விவரித்தனர்.

சிரையிலிருந்து 2 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விடுவர். அறை வெப்பத்தில் 20 நிமிடம் அசையாது நிறுத்தி, ஒரே முறை சாய்த்துப் பார்ப்பர். கட்டியாக நின்றால் உறைந்தது. நீராக ஓடினால் உறையவில்லை; மருத்துவர் நஞ்சுமுறி மருந்து ஏற்றுவார். 6 மணி நேரம் கழித்து மீண்டும் சோதிப்பர். தீர்ந்த பொருள்களைக் கல்லீரல் புதிதாக ஆக்க அவ்வளவு காலம் வேண்டும்.

கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுவது. எனவே பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புத்தூளால் கழுவிய குழாயும் ஆகாது. அவற்றில் நல்ல குருதியும் உறையாது நிற்கக்கூடும். ஐயம் எழுந்தால், நலமுடைய ஒருவரின் குருதியை அதே வகைக் குழாயில் இட்டு ஒப்பிட வேண்டும். பொறுமையின்றி இடையில் ஆட்டிப் பார்த்தாலும் முடிவு பிழைபடும்.

உறைந்துவிட்டால் வீடு திரும்பலாமா? நம் மாணவன் ஒருவனின் தந்தை அவ்வாறே எழுந்து வந்தார். இரவில் ஈறு கசிந்தது. மகனே அவரை மீண்டும் மருத்துவமனைக்கு இட்டுச் சென்றான், பிழைத்தார். நஞ்சு தன் வேலையைக் காட்ட நேரமாகலாம். ஆகையால் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பர். மேலும் நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவன. அவை கடித்தால் குருதி வழக்கம்போல் உறையும். ஆனால் இமை தொங்கும், மூச்சு தளரும். குழாய் சொல்வது பாதி. நோயாளியின் உடல் சொல்வது மீதி.

ஆகவே, கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், மந்திரிப்பவரிடம் பொழுதை இழக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "மறுபடி எப்போது சோதிப்பீர்கள்?" என்று பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இளைஞர்களே! உங்களுள் சிலர் ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று அக்குழாயைக் கையில் ஏந்த வேண்டும். அந்நாளில் அவசரமின்றி 20 நிமிடம் காத்திருங்கள். வெளியே ஒரு குடும்பம் காத்திருக்கும்.