நிலைமின்சாரம்: கண்ணுக்குத் தெரியாத தீக்குச்சி

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்து விளையாடாதவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டீங்க. அந்த விளையாட்டு மின்சாரம்தான் தொழிற்சாலையில் தீயும் வைக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று. மனித உடல் சுமார் 100 பிக்கோஃபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கி. கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் ‘சுருக்’கென்று உறைத்தால், உடம்பில் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொறியின் ஆற்றல் 0.45 மில்லிஜூல். காற்றோடு தக்க அளவில் கலந்த பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஏறக்குறைய கால் மில்லிஜூல் போதும்!

நம்ம ஊரில் இது அதிகம் தெரிவதில்லை. காரணம், கடற்காற்று. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பல பொருள்களின் மேல் மெல்லிய ஈரப்படலம் படிந்து, மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். முதலியார்பேட்டை ரோடியர் மில் 2020-இல் மூடப்பட்டுவிட்டாலும், மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கீங்க. நூற்பாலைக்குள் காற்றை ஏன் ஈரமாக்குகிறார்கள்? நூல் அறாமல் இருக்க மட்டுமல்ல. இழைகள் மின்னேறிச் சிலிர்த்துப் பறக்காமல் இருக்கவும்தான்.

சிவகாசி இதற்கு நேர் எதிர். பட்டாசுக்குத் தோதான அந்த வறண்ட காற்றில்தான் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் அங்கே மருந்து அறைக்குள் நுழையுமுன், எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பருத்தி உடையே உடுத்தச் சொல்கிறார்கள்.

சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ ஏ.சி. போட்டு மூடிய அறைக்குள் கடற்காற்று வராது. காற்று உலர்ந்துவிடும். அங்கே நாம்தான் விழிப்பாக இருக்கணும். உராய்வு இருக்கும்வரை மின்னூட்டம் உண்டாகத்தான் செய்யும். அது பொறியாகப் பாயுமுன் மண்ணுக்குப் போக வழி காட்டுவதே நம் வேலை.

1. கரைப்பான் ஊற்றும்போது இரண்டு உலோக டிரம்களையும் கம்பியால் இணைத்து எர்த் செய்யுங்கள். மூடியைத் திறக்குமுன் இணைக்கணும்.

2. மேலிருந்து கொட்டாதீர்கள். குழாயை அடிவரை இறக்கி, அதன் வாய் மூழ்கும்வரை வினாடிக்கு 1 மீட்டருக்கு மிகாமல் விடுங்கள்.

3. பிளாஸ்டிக்கை எர்த் செய்து பயனில்லை. அதிலுள்ள மின்னூட்டம் கம்பிக்கு வராது. பாட்டிலில் பெட்ரோல் வாங்கும் பழக்கத்தை விடுங்கள்.

4. எலக்ட்ரானிக்ஸ் வேலையில் மணிக்கட்டுப் பட்டை அவசியம். நமக்கு உறைக்காத 100 வோல்ட்கூடச் சில சில்லுகளைக் கெடுத்துவிடும். பட்டையிலுள்ள 1 மெகாஓம் மின்தடையை யாரும் எடுத்துவிடக் கூடாது. அது கட்டியிருப்பவரின் உயிருக்குக் காவல்.

கடைசியாக ஒன்று. எர்த் கிளிப்பைப் பெயின்ட் மேலேயே மாட்டிவிட்டு, ‘எர்த் இருக்கு சார்’ என்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. துரு இருந்தாலும் கடத்தல் கெடும். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த டிரம்மைச் சாய்ப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. பக்கத்தில் நிற்பவரும் அவர்தான். நாம் ஆபீஸ் அறையில் இருப்போம். அவருக்கு ஓம் விதி தெரியாமல் இருக்கலாம். நமக்கு இந்தக் கல்லூரி சொல்லிக் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கிளிப்பைப் போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.