வெட்டுக்கிளியின் கொம்பைப் பாருங்கள்



நெல் வயலில் இறங்கியதும் சிறு பச்சை வெட்டுக்கிளிகள் நாற்புறமும் துள்ளுவதைக் காண்கிறோம். யாவும் பயிரின் பகை என்று கருதி மருந்து தெளிக்க முனைகிறோம். அவற்றுள் நமக்கு உதவுவதும் உண்டு. அதை இனங்காணும் வழியையே இன்று கூற விரும்புகிறேன்.

தலையில் உள்ள உணர்கொம்பைப் பாருங்கள். கொம்பு தடித்து, உடலைவிட மிகக் குட்டையாக இருந்தால் அது ஆக்ஸியா என்னும் சிறு வெட்டுக்கிளி. கண்ணுக்குப் பின்னிருந்து இரு பக்கங்களிலும் பழுப்புக் கோடு ஓடும். இலைகளைக் கடித்துத் தின்று சேதம் விளைவிப்பது இதுவே.

கொம்பு மயிரிழைபோல் மெலிந்து, உடலைவிட நீண்டிருந்தால் அது நெடுங்கொம்பு வெட்டுக்கிளி. வளர்ந்த பெண் பூச்சியின் பின்முனையில் வாள் போன்ற முட்டையிடும் உறுப்பு நீண்டிருக்கும். இதுவும் இலையையும் பூவையும் ஓரளவு கடிக்கும். ஆயினும் குருத்துப்பூச்சி, கதிர்நாவாய்ப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகளையும் தத்துப்பூச்சிக் குஞ்சுகளையும் தின்று பயிரைக் காக்கிறது. இறகு முளைக்காத குஞ்சுகளையும் கொம்பின் நீளங்கொண்டே பிரித்தறியலாம்.

மருந்துக்குப் பகையென்றும் நட்பென்றும் தெரியாது, இரண்டையும் கொன்றுவிடும். காவலாளி மடிந்தபின் குருத்துப்பூச்சி பெருகினால், செலவும் நமதே, நஷ்டமும் நமதே. ஆகவே, தெளிக்குமுன் வயலில் நான்கைந்து இடங்களில் வலைவீசிப் பிடித்துப் பாருங்கள். குட்டைக்கொம்பு மிகுந்து, இலைச்சேதமும் பெருகியிருந்தால் மட்டும் வேளாண்மை விரிவாக்க மையத்தின் ஆலோசனையை நாடுங்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்விரு பூச்சிகளையும் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, அடுத்த கிராமக் கூட்டத்தில் யாவரும் காண வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.