இட்லிக் கடைக் கணக்கு

(‘பள்ளிக்கூடக் கணக்கு வாழ்க்கைக்கு உதவுகிறதா? இல்லையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘இல்லை’ என்ற அணியில் பேசியது)



“கணக்குப் படிச்சவன் வியாபாரத்துல ஏமாற மாட்டான்”னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். ஐயா, கணக்குப் புத்தகத்துல வர்ற வியாபாரியை நீங்க பார்த்திருக்கீங்களா? 100 ரூபாய்ச் சாமானுக்கு 20 சதவீதம் ஏத்தி 120னு விலை ஒட்டுவான். உடனே 20 சதவீதம் தள்ளுபடின்னு போர்டு மாட்டுவான். “ஏத்தினதும் 20, இறக்கினதும் 20. அப்ப நட்டமே இல்லையே!”ன்னு எங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார். 120ல 20 சதவீதம் 24ங்க. கைக்கு வர்றது 96. நாலு ரூபாய் நட்டம்! இதுக்கு அவன் கடையைத் திறக்காமலே இருந்திருக்கலாம். (சிரிப்பு)

ஏழாவது படிக்கிற என் பையன் இன்னொரு கணக்கு கொண்டு வந்தான். 500 இட்லி அவிக்க அரிசி, உளுந்து, கேஸ் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். அன்றைய கடை வாடகை 500. ஒரு இட்லி 6 ரூபாய். லாப சதவீதம் என்ன? அடக்கம் 2,000, வரவு 3,000, லாபம் 1,000. ஆக 50 சதவீதம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அதே விடைதான்.

பையன் சும்மா இருந்தானா? தெருமுனை இட்லிக் கடை அக்காகிட்ட போய், “அக்கா, உங்களுக்கு 50 சதவீதம் லாபம்”னு சொல்லிட்டான். அந்த அம்மா கரண்டியைக் கீழே வெச்சாங்க.

“தம்பி, மூணு மணிக்கு எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கிறேனே, என் கூலி எங்கப்பா? தண்ணி தூக்கி, எச்சில் இலை எடுக்கிற எங்க வீட்டுக்காரர் கூலி எங்க? ஆளுக்கு 450 போடு.”

போட்டான். 900 போச்சு, மிச்சம் 100.

“மழை பேஞ்சா 20 இட்லி விக்காதே, அது?”

120 போச்சு. 50 சதவீத லாபம், 20 ரூபாய் நட்டமா முடிஞ்சுது நடுவர் அவர்களே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தை எதுல தொடங்குறார்? போறது எவ்வளவு, வர்றது எவ்வளவு, பின்னால மிஞ்சுறது எவ்வளவு, மூணையும் எண்ணிப் பார்த்து இறங்குங்கறார். நம்ம பாடத்துல ‘போறது’ங்கிற பட்டியல்ல உளுந்து இருக்கு, வாடகை இருக்கு. மாவாட்டின கை இல்லையே! சொந்த உழைப்புக்கும் கூலி போட்டுத்தான் லாபம் பார்க்கணும்னு பொருளாதாரத்துல சொல்றாங்க. அது பெரிய வகுப்புக்குப் போனாத்தான் வருது. அதுக்குள்ள, வீட்டு ஆளுங்க உழைப்புக்கு விலை பூஜ்யம்னு பிள்ளை மனசுல பதிஞ்சு போகுது.

அந்தப் பிள்ளைதான் நாளைக்கு அதே கடையில நின்னு, “இட்லி ஆறு ரூபாயா? அநியாயம்!”னு பேரம் பேசும். வீட்டுக்கு வந்து, “அம்மா சும்மாதானே இருக்காங்க”ன்னு சொல்லும். (கைதட்டல்)

ஆகவே, உழைக்கிறவங்களைச் செலவுப் பட்டியல்ல சேர்க்காத கணக்கு மார்க் வாங்கித் தரலாமே தவிர வாழ்க்கைக்கு உதவாது என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.