கடையில் சரி, கொப்பியில் பிழை

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்துவிட்டு, அடுப்புக்கூட மூட்டாமல் நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்கமாட்டோம். தகப்பன்மார் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். போன கூட்டத்துக்கு இரண்டு பேர். அந்த மட்டுக்கும் சந்தோசம்.

இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டது சின்னப் பிள்ளைகளின் கணக்குப் பாடம். போன தவணையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். நாலாம் வகுப்புப் பெண்பிள்ளை மூலையில் அழுதுகொண்டு நின்றது. தாய் கையில் கணக்குக் கொப்பி. பக்கம் முழுக்கச் சிவப்புப் பிழை அடையாளம். “இதுக்கு மண்டையில ஏறாதுங்க ஐயா. அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டிட்டு வீட்டு வேலைய பாக்கச் சொல்லணும்” என்று தாய் சொன்னார். 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டுச் சட்டம். அதை நாங்கள் சொன்னோம். ஆனால் சட்டத்தைச் சொல்லி ஒரு பிள்ளையின் மனதில் கணக்கை ஏற்ற முடியாதே.

அந்த நேரம் பாட்டி குறுக்கே வந்து ஒரு கதை சொன்னார். அன்று பின்னேரம் அதே பிள்ளை 500 ரூபாய்த் தாளோடு கடைக்குப் போயிருக்கிறது. சாமான் 340 ரூபாய். கடைக்காரர் 150 ரூபாயை மிச்சமாகக் கொடுக்க, “இன்னும் பத்து ரூபா வரணும்” என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்டோம். “340க்கு அறுபது போட்டா 400. அதுக்குமேல ஒரு நூறு. 160” என்றது. பெரியவர்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமாக வராது.

உடனே நாங்கள் கொப்பியில் 500இலிருந்து 340ஐக் கழிக்கும்படி எழுதிக் கொடுத்தோம். பிள்ளை யோசித்து 240 என்று எழுதியது! கடையில் 160 வந்ததே, இங்கே ஏன் 240 என்று கேட்டோம். அதற்கு அது சொன்ன பதில்தான் இன்றைய பேச்சுக்கே காரணம்: “அது காசுங்க ஐயா. இது கணக்கு.”

யோசித்துப் பாருங்கள். காசு வேறு, கணக்கு வேறு என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டது. காசுக்குப் புத்தியைப் பாவிக்கலாம்; கொப்பியில் ஏதோ ஒரு சட்டத்தை ஞாபகம் வைத்து எழுதவேண்டும் என்று நினைத்துவிட்டது. அந்தச் சட்டமும் அரைகுறையாக ஞாபகத்தில் இருக்கிறது. 0இலிருந்து 4ஐ எடுக்க முடியவில்லை, ஆகவே 4இலிருந்து 0ஐ எடுத்துவிட்டது. பெரியதிலிருந்து சின்னதை எடுப்பதுதானே வழக்கம் என்று.

இது நமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பிரேசில் நாட்டில் ரெசிபே என்ற நகரத்தில், தெருவில் சாமான் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போல் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 1985இல் அதை எழுதி வெளியிட்டார்கள். தெருவில் கேட்டபோது நூற்றுக்கு 98 விடை சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் இலக்கமாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. ஒரு பையனிடம் 35 குருசேரோ தேங்காய் பத்து எவ்வளவு என்று கேட்க, மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று ஏறிக்கொண்டே போய் 350 என்றானாம். பத்தால் பெருக்கச் சைபர் போடு என்ற வழியை அவன் பாவிக்கவில்லை. ஆனாலும் விடை சரி. நம்ம பிள்ளை கடையில் செய்ததும் இதே வேலைதான்.

சரி, என்ன செய்வது? அந்த வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். கவாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு அடுப்படியில் கிடந்தது. அதில் மெல்லிய குச்சிகளாக ஒடித்து, பத்துப் பத்தாக றப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. அது 52. இதிலிருந்து 27 கொடு என்றோம். இரண்டு கட்டை உடனே தூக்கிக் கொடுத்தது. இன்னும் ஏழு வேண்டும், கையில் தனிக் குச்சி இரண்டுதான். கொஞ்ச நேரம் முழித்தது. பிறகு தானாகவே ஒரு கட்டின் றப்பரைக் கழற்றியது. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. கட்டு இரண்டு மிச்சம். “இருபத்தஞ்சு” என்றது. கொப்பியில் அதே கணக்குக்கு 35 என்று எழுதிப் பிழை வாங்கியிருந்தது.

இதைத்தான் பாடத்தில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்கிறோம். அந்தச் சொல்லே பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது எங்கள் எண்ணம். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேணும் என்று பிள்ளைக்கு வீட்டில் தெரியும், கடைக் கொப்பியைப் பார்த்தே வளர்கிற பிள்ளை. இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கட்டை அவிழ்க்கிறோம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, ஆசிரியை ஒரு முறையில் சொல்லிக்கொடுத்தால் அது பிழை என்று வீட்டில் சொல்லாதீர்கள். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். குச்சியைக் காட்டிவிட்டு, டீச்சர் சொன்னதும் இதுதான் என்று சொல்லுங்கள்.

இன்னொரு பிழையும் நிறையக் கொப்பிகளில் பார்க்கிறோம். நூற்றைந்து எழுது என்றால் 1005 என்று எழுதும். காதில் விழுவதை அப்படியே எழுதுகிறது: நூறு, பிறகு ஐந்து. அது மக்குத்தனம் அல்ல. நூறுக்கு ஒரு பெரிய கட்டு, பத்துக்கு ஒன்றுமில்லை, தனியாக ஐந்து என்று குச்சியை வைத்துக் காட்டினால், நடுவில் உள்ள சைபர் ஏன் வந்தது என்று விளங்கும். தொண்ணூறு என்கிற சொல்லுக்குள்ளே நூறு ஒளிந்திருப்பதால் 90, 900 இரண்டையும் மாற்றி எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. கோபப்படாமல் கட்டுகளை எண்ணவிடுங்கள்.

வாய்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் நாங்கள் படித்தமாதிரி வேண்டாம். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, எல்லோரும் எழும்பி நின்று கத்துவோம். ஏழெட்டு எத்தனை என்று நடுவில் கேட்டால், முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் வரும், வராவிட்டால் பிரம்பு. இப்போது பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: ஐந்து எட்டு 40 தெரியும்தானே, இன்னும் இரண்டு எட்டு 16, இரண்டையும் கூட்டு. 56. மறந்துபோனாலும் திரும்பக் கண்டுபிடிக்கிற வழி கையில் இருக்கும்.

“நாங்க படிக்காதவங்க, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?” என்று இங்கே பல தாய்மார் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த கணக்கு எங்களுக்கு ஆச்சரியம். காலையில் 6 கிலோ, பகலில் 7, பின்னேரம் 5, கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக எவ்வளவு என்று மடுவத்திலிருந்து இறங்குமுன்னே மனதில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். இன்னும் எத்தனை கிலோ எடுத்திருந்தால் நாள் பேருக்குப் போதும் என்று கேளுங்கள். ரொட்டி சுட்டால் அரை, கால் என்று பிய்த்துக் கொடுங்கள். நாலு இரண்டைவிடப் பெரியது, ஆகவே கால் அரையைவிடப் பெரியது என்று நினைக்கிற பிள்ளை, கால் ரொட்டி கையில் வந்ததும் தானே சண்டைக்கு வரும்! விடை சரியோ பிழையோ, “எப்படி வந்திச்சு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு எழுத்துத் தெரியவேண்டியதில்லை. சொல்லும்போதே பாதிப் பிழையைப் பிள்ளை தானாகத் திருத்தும்.

நாங்களும் தவறியிருக்கிறோம். மாலை வகுப்பில் ஒரு பையனைப் பார்த்து, மற்றப் பிள்ளைகள் முன்னால், “இதுகூடவா தெரியாது?” என்று கேட்டுவிட்டோம். மூன்று கிழமை அவன் வகுப்புப் பக்கமே வரவில்லை. லயத்துக்கு இரண்டு தரம் போய்ப் பேசித்தான் கூட்டிவந்தோம். இப்போதும் எங்களைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறான்.

புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதென்று ஐந்தாம் வகுப்பில் ரியூசனுக்குக் காசு கட்ட ஓடுகிறோம். ஆனால் கட்டும் தனிக்குச்சியும் விளங்காமல் போவது இரண்டாம் வகுப்பில். ஐந்தில் பழைய வினாத்தாள்களை அடுக்கி வைத்து அதைச் சரிசெய்வது கஷ்டம். சின்ன வகுப்புக் கொப்பிகளை இப்போதே பாருங்கள்.

அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை முதல் தவணையில் 18 புள்ளி எடுத்திருந்தது. இரண்டாம் தவணையில் 41. தாய் தாளைக் கொண்டுவந்து, “இது நல்ல மார்க்ஸா ஐயா?” என்று கேட்டார். நல்ல மார்க்ஸ்தான் என்றோம். பிள்ளையை நிப்பாட்டும் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைக்காம்பிரா விறாந்தையில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டு ஆரம்பிக்கிறோம். ஒரு பிள்ளைக்கு நூறு மிலாறுக் குச்சி வேண்டும், விரல் நீளத்தில் ஒடித்தது. றப்பர் வளையம் நாங்கள் தருவோம். அந்த ஆறு தகப்பன்மாரும் குச்சி ஒடிக்கிற வேலையைப் பொறுப்பெடுத்தால், மற்றவர்கள் இப்போதே வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டலாம்.