பந்து கொடுத்தார்கள், மட்டை கொடுக்கவில்லை
(கடத்தூரில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வட்டாரத்தில் ஆடியும், நடுவராக நின்றும், ஓட்டக் கணக்கு எழுதியும் வரும் எங்களுக்கு அந்த ஐயம் இல்லை. அழைத்தவர்களும் இதை அறிந்தே அழைத்திருப்பார்கள்!

முதலில் பூனா நகருக்குச் செல்வோம். 1892ஆம் ஆண்டளவில், அங்கிருந்த ஆங்கிலேயர் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டிச் சீர்செய்யும் வேலைக்குப் பல்வங்கர் பாலு என்ற இளைஞர் சேர்ந்தார். தோல் தொழில் செய்யும் சம்பார் சமூகத்தில் பிறந்தவர். திங்கள் ஊதியம் நான்கு ரூபாய். துரைமார் பயிற்சி செய்யும்போது பந்து வீசுவதும் அவர் வேலையாயிற்று. இடக்கைச் சுழற்பந்து. கிரெய்க் என்னும் துரை, தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. இத்தனை வீசியவர் கையில் அங்கே ஒருமுறையேனும் மட்டையைக் கொடுக்கவில்லை என்று வரலாற்றறிஞர் இராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். மட்டை பிடிப்பது துரைமாருக்கு உரியதாம்.

பின்னர் பூனாவின் இந்து அணியார் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். அதற்குப் பாலு வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ, அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை! 1906இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை வென்றது. பாலுவும் தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் இன்னொரு தம்பியான விட்டலுக்குத்தான் கிட்டியது. இளமையில் பாலுவைப் போற்றிய அண்ணல் அம்பேத்கர், 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் அவரையே எதிர்த்து நின்று வென்றார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதை விரித்தால் நேரம் போதாது.

எங்களோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் உண்டு. பெயர் சொன்னால் கூசுவான், விட்டுவிடுகிறோம். அவனும் இடக்கைக்காரன். பாலுவின் பெயரை அவனும் அறியான், அந்நாளில் நாங்களும் அறியோம். வறண்ட ஏரிக்குள் வேலிக் குச்சிகளை நட்டு, வெறுங்காலோடு ஓடிவந்து ரப்பர் பந்தை வீசுவான். காலுக்கு வெளியே விழுந்த பந்து நடுக்குச்சியைத் தட்டும். கணக்குப் பாடத்திலும் அவனே முதல். பக்கத்து ஊர் அணியொன்று அவனை வலைப்பயிற்சிக்கு அழைத்துச் சென்றது. மாலை முழுதும் வீசினான். போட்டி நாளில் பதினோரு பெயர்களை எழுதுவார்கள். அவன் பெயர் இராது. ஏன் என்று எவரும் சொன்னதில்லை. சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையிலும் நாங்கள் இல்லை. இரண்டு கோடைகள் சென்று வந்தபின், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். இப்போது பண்டிகைக்கு ஊர் வந்தால், தொலைக்காட்சியில் சுழற்பந்து வீச்சாளர் கையைத் தூக்கும்போதே, பந்து எப்பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுகிறான். பெரும்பாலும் தவறுவதில்லை.

அண்டை மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராசனை மாணவர்கள் அறிவீர்கள். கூலி நெசவுக் குடும்பம். தாயார் நடத்தியது சாலையோரக் கடை. இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். அவர் திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு அவரும் முதலில் வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராகத்தான் தேர்வு பெற்றார். ஆனால் டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், 4இல் இருபது ஓவர் ஆட்டம், 2021 சனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம் என ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். டெஸ்டின் முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட்டுகள்! 2023இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். பாலுவுக்குக் கிடைக்காத ஒரு ஜெயப்பிரகாஷ் அவருக்குக் கிடைத்தார். எங்கள் தோழனுக்கும் கிடைக்கவில்லை.

சங்கம் இந்த 25 ஆண்டுகளில் நோட்டுப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் கொடுத்து வந்திருக்கிறது. நிருவாகிகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டு வரவு செலவில் விளையாட்டுக்கென ஒரு வரி எழுதுங்கள். மூன்று மட்டைகள், ஆறு கார்க் பந்துகள், காலுக்கும் கைக்கும் காப்புகள், மாவட்டத் தேர்வு நாளில் தருமபுரிக்குப் பேருந்துக் கட்டணம். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்கிறோம். பந்து வீசும் பிள்ளை ஒவ்வொன்றும் அன்றே மட்டையும் பிடிக்க வேண்டும் என்ற விதியையும் எழுதிவிடுங்கள். ஞாயிறு காலைகளில் ஓட்டக் கணக்கு எழுத நாங்கள் வருகிறோம்.