வாவிக்கரைக்கு அப்பால்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியை நோக்கி வாகனங்கள் அணிவகுத்துச் செல்வதைக் காண்கிறோம். தம்புள்ளைக் குகை விகாரை, சிகிரியாக் குன்று, கண்டலம வாவி என்னும் மூன்றுமே பெரும்பாலாருடைய பயணத் திட்டத்தில் இடம்பெறுகின்றன. சிகிரியா 1982-ஆம் ஆண்டிலும் தம்புள்ளை 1991-ஆம் ஆண்டிலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டவை. அவற்றின் பெருமையைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், இம்மூன்றையும் பார்த்துவிட்டு, இப்பகுதி முழுவதையும் பார்த்துவிட்டோம் என்ற நிறைவுடன் திரும்புகிறார்களே, அந்த நிறைவு நியாயமானதா என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

கண்டலம வாவியை முதலில் எடுத்துக்கொள்வோம். மாலை வேளையில் அதன் கரையில் நின்றால் நீர்ப்பரப்புக்கு அப்பால், காட்டுக்கு மேலே, சிகிரியாக் குன்று தலை நிமிர்ந்து நிற்பது தெரியும். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் இது இயற்கை தந்த ஏரி அன்று. மழைநீரை மறித்து, வயலுக்குப் பாய்ச்சுவதற்காக மனிதன் கட்டிய குளம். சிங்களத்தில் ‘வெவ’ என்றும் தமிழில் ‘வாவி’ என்றும் வழங்கும் இரு சொற்களும் ‘வாபி’ என்னும் ஒரே பழஞ்சொல்லின் வழி வந்தவை. பெயரிலே உறவு இருப்பதுபோல, இரு மக்களின் வாழ்விலும் குளத்துக்கு ஒரே இடந்தான் இருந்திருக்கிறது. குளம் இல்லையேல் சோறு இல்லை.

1990-களின் தொடக்கத்தில் இவ்வாவியை நோக்கிய பாறைச் சரிவில் ஒரு பெரிய விடுதி அமைக்க ஏற்பாடாயிற்று. சுற்றுப்புறத்து மக்களும் பௌத்த குருமாரும் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். குளத்து நீர் கெட்டுவிடும் என்பது அவர்களுடைய அச்சங்களுள் ஒன்று. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வரைந்த அவ்விடுதி கட்டி முடிக்கப்பட்டு, இன்று செடிகொடிகளால் மூடப்பட்டுப் பாறையோடு பாறையாய் நிற்கிறது. அக்கட்டடத்தை உலகம் பாராட்டுகிறது. எனினும் அன்று எழுந்த கேள்வி அடங்கிவிடவில்லை. குளம் யாருக்காக? அதைப் பார்ப்பவருக்காகவா, அதன் நீரைக் குடித்து, அதன் நீரில் விளைந்ததை உண்டு வாழ்பவருக்காகவா? இக்கேள்வியைக் கையில் விளக்காகப் பிடித்துக்கொண்டு நடந்தால், பலர் அறியாத இடங்கள் சில நமக்குத் தென்படும்.

தம்புள்ளையிலிருந்து கண்டலம செல்லும் வீதியிலேயே ஒரு சிறு காடு இருக்கிறது. சாம் பொப்ஹம் என்னும் ஆங்கிலேயர், தேயிலைத் தோட்டத் தொழிலை விட்டபின் 1963-ஆம் ஆண்டில் இங்கே ஒரு மரச்சோலையை உருவாக்கத் தொடங்கினார். அவர் கண்ட முறை எளிமையானது. மரங்களைக் கொண்டுவந்து நடுவதைவிட, முட்புதரை அகற்றி, மண்ணில் தாமாகவே முளைத்திருக்கும் உள்நாட்டுக் கன்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் கொடுத்தால் போதும். காடு தானே எழுந்துவிடும் என்று அவர் காட்டினார். பாலை, கருங்காலி முதலான உலர்வலய மரங்களின் நிழலில் நடக்க விரும்புவோர் இங்கே செல்லலாம். இரவிலே தேவாங்கின் கண்கள் கிளைகளுக்கிடையே ஒளிர்வதையும் காணலாம். நீருக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பைப் பாடப் புத்தகத்தைவிட நன்றாக இச்சோலை கற்பிக்கிறது. காடு அழிந்தால் மண் அரித்துவந்து குளத்தைத் தூர்த்துவிடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

தம்புள்ளைக்குத் தென்மேற்கே, குருநாகல் செல்லும் வீதிக்கு அண்மையில், இப்பன்கட்டுவ என்னும் இடம் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பலகைக் கற்கள் சில நிலத்தில் நட்டிருப்பதாகவே தோன்றும். நான்கு புறமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடி, உள்ளே இறந்தோரின் சாம்பலைத் தாழிகளில் இட்டு வைத்த ஈமக்காடு அது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முந்தியது. அகழ்வாய்வில் இங்கே சூதுபவள மணிகள் கிடைத்தன. அக்கல் கடல் கடந்து இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். இத்தகைய பெருங்கற்காலப் பண்பாடு தமிழகத்திலும் பரவியிருந்ததை நாம் அறிவோம். மன்னர்களின் வரலாறு எழுதப்படுவதற்கு முன்னரே இந்த ஆற்றோரத்தில் மக்கள் குடியிருந்தனர். கடலுக்கு அப்பாலுள்ளவர்களோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். குகை விகாரையைக் காணச் செல்லும் கூட்டத்தில் எத்தனைபேர் இந்த ஈமக்காட்டுக்கும் வருகிறார்கள்?

இனி, மாத்தளை வீதியில் தெற்கு நோக்கித் திரும்புவோம். நாலந்தாவிலே பிரதான வீதியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் உள்ளே சென்றால், நீர்த்தேக்கத்தின் ஓரத்திலே கருங்கற் கட்டடம் ஒன்று தனித்து நிற்கும். அதுவே நாலந்தா கெடிகே. கி.பி. 8-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படுகிறது. கருவறையும் மண்டபமுமாக அமைந்த அதன் உருவம் மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களை நினைவூட்டும். ஆனால் அது பௌத்தப் பள்ளி. திராவிடக் கட்டடக் கலையும் பௌத்த வழிபாடும் ஒரே கூரையின் கீழ்ச் சண்டையின்றி வாழ்ந்ததற்கு அது கற்சாட்சி.

அக்கட்டடத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மகாவலித் திட்டத்தின்கீழ் போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அது நின்ற இடம் நீரில் மூழ்க நேர்ந்தது. 1970-களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி எடுத்து, மேட்டிலே மீண்டும் அடுக்கி நிறுத்தினர். வயலுக்கு நீரும் வேண்டும், முன்னோர் சின்னமும் அழியலாகாது என்று இரண்டையும் எண்ணிச் செய்த செயல் அது. போவதென்ன நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தம்புளு ஓயாவை அடைந்து, கலாவாவியை நோக்கி ஓடுகிறது. நீரோடு நாமும் செல்லலாம். அதற்கு முன் இந்த வீதியைப்பற்றி ஒரு வார்த்தை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாகக் கால்நடையாகவே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். மாத்தளையில் ஐந்து தேர்கள் ஓடும் முத்துமாரியம்மன் கோயில் அம்மக்களின் நம்பிக்கையில் வேரூன்றி எழுந்தது. நாம் பேருந்தின் சாளரத்தோரம் அமர்ந்து கடக்கும் இந்தப் பாதை, நம்மவர் கண்ணீரால் நனைந்த பாதை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் கடந்துபோகலாகாது.

கலேவெலைப் பக்கத்தில் உள்ளது நான் வாழும் வஹகோட்டை. கண்டி மன்னரின் படைகள் பதினேழாம் நூற்றாண்டிலே சிறைப்பிடித்த போர்த்துக்கேயர் சிலர் இங்கே குடியமர்த்தப்பட்டனர் என்பது ஊரின் வரலாறு. பகைவராய் வந்தவர்க்கு நிலம் கொடுத்தார்கள். அவர்கள் கமக்காரர் ஆனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இம்மண்ணின் மொழியைப் பேசி, இம்மண்ணின் மக்களாகவே ஆகிவிட்டார்கள். அவர்கள் பேணிவந்த விசுவாசத்தின் அடையாளமாகப் புனித அந்தோனியார் திருத்தலம் விளங்குகிறது. அங்குள்ள பழைய மரச் சொரூபத்தை வணங்க நாட்டின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். திருவிழாக் காலத்துக்கு வெளியே ஒரு சாதாரண நாளில் வந்து பாருங்கள். வயலும் தென்னையும் சூழ்ந்த அந்த அமைதியில், நேற்றைய பகைவனும் நாளை அயலவனாகலாம் என்ற உண்மை விளங்கும்.

இறுதியாக, மாவட்ட எல்லையைத் தாண்டி, நீர் சென்றடையும் கலாவாவிக்கு வருவோம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியது இது. இங்கிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸவாவி வரை ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான கால்வாயை, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய சரிவிலே அக்காலத்துப் பொறியியலார் வெட்டினர். அரசுரிமையைப் பறித்த மகன் காசியப்பன், தந்தை ஒளித்து வைத்திருப்பதாக எண்ணிய செல்வம் எங்கே என்று கேட்டு ஆளனுப்பினான். தாதுசேனன் இவ்வாவியில் நீராடி, நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றானாம். சூளவம்சம் கூறும் கதை இது. காசியப்பன் தந்தையைக் கொல்வித்தான். பின்னர்ச் சிகிரியாக் குன்றின்மேல் மாளிகை அமைத்தான்.

நேயர்களே, மகன் கட்டிய மாளிகை இடிந்து, அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஏறிப் பார்க்கிறார்கள். தந்தை கட்டிய குளம் நடுவிற் சிதைந்தும் 1880-களில் திருத்தப்பட்டு, இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. அதன் அணைக்கட்டில் நடப்பவர் சிலரே. கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் வேண்டுவது இதுதான்: குன்றின் உச்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், அத்தோடு நில்லாமல் குளக்கட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். எதை அமைத்தவன் நீடித்து வாழ்கிறான் என்பதை அவர்களே ஒப்பிட்டு உணரட்டும்.

அங்ஙனம் செல்லும்போது, நாம் கண்டுபிடித்த இடத்தை நாமே கெடுத்துவிடாதிருக்க வேண்டும். உணவு கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளையும் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவருவோம். ஈமக்காட்டுக் கற்களின்மேல் ஏறாதிருப்போம். குளத்துக்கு நீர் அருந்த வரும் யானைக்கு வழிவிட்டு ஒதுங்குவோம். கரையில் நீராடும் ஊரவரைக் காட்சிப் பொருளாக்கிப் படம் பிடிக்காதிருப்போம். நமக்கு அது விடுமுறையைக் கழிக்கும் இடம். அவர்களுக்கு அது அடுத்த போகத்துக்கான நீர்.