ஒன்றும் வீணாக வேண்டாம்

(நமது பங்கின் யூபிலி விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி ஆண்டிலே பேசுவதற்கு எத்தனையோ பொருள்கள் உண்டு. எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ 'வீணாக்காத வாழ்வு' என்னும் தலைப்பு. விழா மேடையில் குப்பையைப் பற்றியா பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் பக்கத்திலே குப்பை என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நல்ல மதிப்பு இருந்தது என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சம்சாரிக்குக் குப்பை என்றால் உரம். வீட்டுக்குப் பின்னால் குப்பைக்கிடங்கு இருக்கும். சாணம், அடுப்புச் சாம்பல், உமி, காய்கறித் தோல், மாடு தின்று கழித்த சோளத்தட்டை எல்லாம் அங்கே சேரும். கோடையில் வண்டி கட்டிப் புஞ்சைக்குக் குப்பை அடிப்பார்கள். கண்மாய் வற்றினால் கரம்பை மண்ணை அள்ளி நிலத்தில் கொட்டுவார்கள். ஆட்டுக்கிடை போடுகிறவருக்குக் கூலி கொடுத்து, ஆட்டின் புழுக்கையையும் மூத்திரத்தையும் தம் நிலத்திலே விழச் செய்வார்கள். கழிவுக்கு விலை கொடுத்து வாங்கிய மக்கள் நாம்!

துணி நெய்யும் ஊர் அருப்புக்கோட்டை. அங்கே நெய்த ஒரு நூல்சேலை எத்தனை பிறவி எடுத்தது என்று நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். உடுத்திக் கிழிந்தபின் பிள்ளைக்குத் தொட்டில். தொட்டில் நைந்தபின் நாலாக மடித்துத் தைத்த விரிப்பு. அதன்பின் அடுப்படியில் கரித்துணி. கடைசியில் திரித்து விளக்குக்குத் திரி. சந்தைக்குப் போகப் பனையோலைப் பெட்டி, கருப்பட்டி கட்டிவர ஓலைக்கொட்டான், பாத்திரம் துலக்கச் சாம்பலும் தேங்காய் நாரும். தெருவிலே எறிவதற்கென்று வீட்டில் எதுவுமே மிஞ்சாது.

ஆனால், அன்பார்ந்தவர்களே, இதையெல்லாம் நம் முன்னோரின் நல்லொழுக்கம் என்று மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டால் அது முழு உண்மையாகாது. இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கஞ்சிக்கே திண்டாட்டம். இல்லாமைதான் அவர்களைச் சேர்த்து வைக்கச் செய்தது. அந்த வறுமை திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அதிலே பசித்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும்.

வறுமை ஓரளவு விலகியது. அதோடு சிக்கனமும் விலகிவிட்டதே, அதுதான் இன்று நம் முன்னால் நிற்கும் கேள்வி. கட்டாயத்தால் செய்ததை, கட்டாயம் நீங்கியபின் மனமுவந்து செய்ய முடியுமா? முடியும் என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் இந்த மண்ணிலேயே பிறந்திருக்கிறார்.

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்த வேங்கடராமன் என்ற அந்தப் பிள்ளை, மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலே படித்து, 1896-இல் திருவண்ணாமலைக்குச் சென்றார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். நாம் கிறிஸ்தவர்கள், அவருடைய சமய நெறி வேறு. எனினும், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

மலைக்குகையில் இருந்த நாளில் அவருடைய கோவணம் கிழிந்தபோது, முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். இது இல்லாத காலத்துச் செய்தி. பின்னாளில் ஆசிரமம் வளர்ந்தது. நாடெங்கிலுமிருந்து அன்பர்கள் வந்தார்கள். கேட்டால் எதுவும் கிடைக்கும் நிலை. அப்போதும் அவர் மாறவில்லை. விடியுமுன் எழுந்து சமையற்கட்டிலே காய் நறுக்குவார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். தோலும் காம்பும் மாட்டுக்காவது போய்ச் சேர வேண்டும் என்பார். வந்த தாள்களில் எழுதாத பகுதியைக் கத்தரித்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்குவார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்குவார்.

பணம் இல்லாததால் அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு மணி அரிசிக்குப் பின்னால் ஒரு சம்சாரியின் வியர்வை இருக்கிறது, மழை இருக்கிறது, மண் இருக்கிறது. அதை மதிக்கத் தெரிந்தவருக்குச் சிறு பொருள் என்று ஒன்றுமில்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்: சிக்கனத்துக்கு வேர் கஞ்சத்தனமும் அல்ல, வறுமையும் அல்ல, மரியாதை.

நம் ஆண்டவர் அப்பங்களைப் பகிர்ந்தளித்த நிகழ்ச்சியை இந்த எண்ணத்தோடு மறுபடியும் பாருங்கள். ஐயாயிரம் பேர் வயிறார உண்டுவிட்டார்கள்; குறையொன்றும் இல்லை. அதன் பிறகே, எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சீடர்களிடம் சொன்னார் என்று அருளப்பர் எழுதுகிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. பற்றாக்குறையில் சேர்த்து வைப்பது இயல்பு. நிறைவிலே சேர்த்து வைப்பது பண்பு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலிலும் இதே கருத்து இருக்கிறது. நெகிழியைத் தவிர்ப்பது, தண்ணீரைச் சிக்கனப்படுத்துவது, குப்பையைத் தரம் பிரிப்பது, உண்ணக்கூடிய அளவே சமைப்பது, மரம் நடுவது என்று வீட்டுச் செயல்களை வரிசையாகச் சொல்லி, ஒரு பொருளை எறியாமல் மீண்டும் பயன்படுத்துவதும் நல்ல நோக்கத்தோடு செய்தால் அன்பின் செயலே என்கிறார்.

இன்றைய நிலை என்ன? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் வந்து சேர்ந்த உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. அதிலும் பெரும்பகுதி வீணானது வீடுகளில். நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆயினும் பரோட்டாக் கடையில் கொதிக்கும் சால்னாவைப் பையில் கட்டி வாங்கி வருவது நின்றுவிட்டதா? அந்தப் பை வரத்துக்காலில் விழுகிறது, மழை வந்தால் கண்மாய்க்குப் போகிறது, மடையை அடைக்கிறது. ஒரு மழையையும் வீணாக்க முடியாத சீமையிலே, மழைத்தண்ணீர் வரும் வழியை நாமே அடைக்கலாமா? பழைய குப்பைக்கிடங்கு இருந்த இடத்தில் இப்போது குப்பையை நெகிழியோடு கொளுத்துகிறோம். அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

என்ன செய்யலாம்? ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டில் எறிவதை எறியுமுன் ஒருமுறை பாருங்கள். எது அதிகம் என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கடைக்குத் துணிப்பை, சால்னாவுக்குத் தூக்குவாளி. காய்கறிக் கழிவுக்கு ஒரு குழி, அல்லது அடுத்த வீட்டு ஆடு. மக்காததைத் தனியே பிரித்துத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். நாம் கலந்து எறிவதைக் கையால் பிரிக்கிறவர்களும் கடவுளின் சாயல் பெற்றவர்களே.

நிறைவாக, யூபிலி அசன விருந்தைப் பற்றி ஒரு விண்ணப்பம். அன்று வாழையிலை போடுவோம். தட்டுகளையும் காகிதக் குவளைகளையும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளையும் விட்டுவிடுவோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டு வருவோம். 'கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி, இந்தப் பூமியில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, முதலாவதில் கழுவி இரண்டாவதில் அலசினால் செலவு குறையும். கழுவிய தண்ணீர் கோயில் வளாகத்து வேம்புக்குப் போகட்டும். எச்சில் இலை மாடுகளுக்கு. பிளாஸ்டிக் பதாகைக்குப் பதில் துணியில் எழுதுவோம், குருத்தோலைத் தோரணம் கட்டுவோம். அந்தத் துணி பிறகு பைகளாகட்டும்.

இன்னும் ஒன்று. சிக்கனத்தின் பாரத்தை எல்லாம் காலங்காலமாகப் பெண்கள் தலையிலேயே ஏற்றி வைத்திருக்கிறோம். சேர்த்து வைத்தவர்களும் தைத்தவர்களும் துலக்கியவர்களும் அவர்களே. ஆகவே அசனத்தன்று அண்டாவும் தொட்டியும் ஆண்களுடைய பொறுப்பு என்று பங்குப் பேரவை இன்றே தீர்மானிக்கட்டும். இளைஞர் இயக்கத்தார் பெயர் கொடுக்கத் தயாராக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

விழா முடிந்த மறுநாள் காலையில் கோயில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறவர், இங்கே ஒரு பெருவிருந்து நடந்ததா என்று வியக்க வேண்டும். அதுவே நம் யூபிலிக்குச் சிறப்பு.